ஓட்டோ வேணுமெண்டா

சாய்ந்தமருதில் டயர்க் கடை வைத்திருக்கும் என் கூட்டாளி காலிதீனுக்கு வாய் கொஞ்சம் கூட. கட்டாரில் உழைத்துவிட்டு வந்து, இரண்டு கதவுள்ள ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கப் போனான். அதே காரில் இரண்டு வகை இருந்தன. ஒன்று கையால் கியர் போடுவது. மற்றதில் கிளச்சே இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டை விரலால் தட்டினால் கியர் மாறும், தட்டாவிட்டாலும் தானாகவே மாறும், அதாவது ஓட்டோ கியர்.

அவனுடைய மனைவி ஸுல்பிகாவிடம் இருந்தது ஓட்டோ கியர் லைசன்ஸ் மட்டும். "ஓட்டோவே எடுங்களேன், அவசரத்துக்கு நானும் ஓடலாம்" என்றாள்.

"ஓட்டோ வேணுமெண்டா சந்தியில நிக்கிது புள்ள, கையக் காட்டு!"

மூன்று சக்கர ஓட்டோவைத்தான் சொன்னான். கார் விற்கும் கடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அவள் கார்க் கதை எடுத்தாலே இந்தப் பகிடிதான்.

கையால் கியர் போட்டால்தான் காருக்கு உயிர் என்று அதையே வாங்கினான். என்ன உயிரோ, மண்ணாங்கட்டி! கல்முனை பஸாரில் பஸ்ஸுக்குப் பின்னால் கிளச்சை மிதித்து மிதித்தே கால் உளையும். மூன்றாம் கியரைக் காண ஊரைத் தாண்ட வேண்டும்.

ஒருநாள் கடையில் லொறி டயர் சரிந்து அவனுடைய இடது கால் முறிந்தது. பிளாஸ்டரோடு வீட்டில் கிடந்தான். அந்த வெள்ளிக்கிழமை அட்டாளைச்சேனையிலிருந்து போன் வந்தது. ஸுல்பிகாவின் வாப்பாவுக்கு மூச்சு இழுக்கிறதாம், மகளைக் கேட்கிறாராம்.

சீதனமாக வந்த அவளுடைய வீட்டு வாசலில், அவளால் ஓட முடியாத கார் நின்றது. கிளச் மிதிக்க இவனுக்கும் காலில்லை. மற்றக் காரென்றால் அவள் ஓடியிருப்பாள். இவனே வலது காலை வைத்துக்கொண்டு ஓடியிருப்பான். அவள் சந்திக்கு ஓடினாள். ஜும்மா நேரம். ஓட்டோக்காரர் எல்லாரும் பள்ளியில். தொழுகை முடிந்து வந்த முதல் ஓட்டோவில் ஏறிப் போனாள். போய்ச் சேருமுன் வாப்பா மவுத்தாகிவிட்டார்.

"எண்ட வாய்தாண்டா அவள அந்த வெயில்ல நிக்க வெச்ச" என்று என்னிடம் அழுதான்.

கால் சரியானதும் அந்தக் காரை விற்று, மற்ற வகையைக் கொண்டுவந்து வாசலில் விட்டான். அன்று அட்டாளைச்சேனையில் வாப்பாவுக்கு நாற்பதாம் நாள் கத்தம். கார்த் திறப்பை அவளிடம் நீட்டினான்.

"இது ஓட்டோதான் புள்ள. நீயே ஓடு."

அவள் கோபப்படவில்லை. அபாயாவைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினாள்.

"வேணாங்க. சந்தியில நிக்கிது."