ஏழாவது மிஷனும் என் ஆள்காட்டி விரலும்

முதலில் கைவிட்டது இடது கால். அமாவாசைக்கு மறுநாள் காலை, மேல்மலையனூரிலிருந்து செஞ்சிக்கு ஸ்பெஷல் பஸ் ஓட்டி வந்துகொண்டிருந்தேன். இரவெல்லாம் கோயிலில் கண்விழித்த கூட்டம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கியது. வளத்தி ஊர் தாண்டி ஒரு மேட்டில் கியர் மாற்றக் கிளட்சை மிதித்தேன். பாதிதான் போனது. ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, மறு கையால் தொடையை அழுத்தி மிதித்தேன்.

"இன்னா பாய், வண்டி முக்குது?" என்று கண்டக்டர் கேட்டார்.

"வண்டி முக்கல. நான்தான் முக்குறேன்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. இரண்டு வாரம் முன்பு வயிற்றுப்போக்கு வந்து போயிருந்தது. அந்தச் சோர்வு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. டீ டம்ளரைத் தூக்க மூன்று முறை முயன்றதை என் மனைவி மும்தாஜ் பார்த்துவிட்டாள். உடனே பர்தாவை மாட்டிக்கொண்டு என்னை டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் முழங்காலுக்குக் கீழே சிறு ரப்பர் சுத்தியால் தட்டினார். கால் துள்ள வேண்டும், துள்ளவில்லை. இன்னொரு முறை தட்டிவிட்டுச் சுத்தியை மேசைமேல் வைத்தார். "பாண்டிச்சேரிக்குப் போங்க. இப்பவே போங்க. சாயங்காலம் ஆவட்டும்னு நிக்காதீங்க."

பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் ஊசி இறக்கி நீர் எடுத்துச் சோதித்தார்கள். கில்லன் பாரே சிண்ட்ரோம் என்றார்கள் (கிருமியோடு போராட வேண்டிய உடம்பின் காவல்படை, தவறிப்போய்த் தன் நரம்புகளின் மேலுறையையே தாக்கும் நோய். காலில் தொடங்கி மேலே ஏறும். பெரும்பாலும் தானே இறங்கிவிடும்). இறங்கும் என்பதை அங்கிருந்த டாக்டரம்மா இரண்டு முறை சொன்னார். எந்த உயரம் வரை ஏறும் என்று நான் கேட்டதற்கு, தினமும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார்.

காலையும் மாலையும் ஒரு சோதனை வைத்தார். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். முதல் நாள் முப்பத்திரண்டு வரை போனேன். அடுத்த நாள் பத்தொன்பது. மூன்றாம் நாள் காலையில் எட்டு சொன்னதும் மூச்சு தீர்ந்துவிட்டது. மும்தாஜ் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது என்று தன் வாய்க்குள் சொன்னாள். எனக்காக அவள் எண்ணியதைப் பார்த்தேன்.

அன்று மதியம் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, வென்டிலேட்டரில் (நமக்காக மூச்சை உள்ளே தள்ளும் கருவி) இணைத்தார்கள். இருபத்து மூன்று நாள் அதில் கிடந்தேன். நினைவு கொஞ்சமும் மங்கவில்லை. விசிறி சுற்றுவது தெரியும். ஈ மூக்கில் உட்காருவது தெரியும். ஓட்ட முடியாது. கண்ணை ஒரு முறை மூடினால் ஆமாம், இரண்டு முறை மூடினால் இல்லை. இதே நோயில் படுத்திருப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து அவரிடம் பேசிக்கொண்டே இருங்கள். அவருக்கு எல்லாம் கேட்கிறது.

பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு வியப்பு இருந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இந்த நெஞ்சு தானாக ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. லட்சக்கணக்கான வேலைகளை இந்த உடம்பு எனக்குச் சொல்லாமலே செய்திருக்கிறது. அது நின்ற பிறகுதான் எனக்குச் செய்தி வந்தது.

கருவியைக் கழற்றி, தொண்டைத் துளை மூடி, பேச்சும் திரும்பிய பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். கழுத்து ஆடும். தோள் கொஞ்சம் அசையும். முழங்கைக்குக் கீழும் இடுப்புக்குக் கீழும் ஒன்றுமில்லை. "உறை திரும்ப வளரணும். எப்பன்னு சொல்ல முடியாது. காத்திருங்க" என்றார் டாக்டரம்மா.

காத்திருப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஜன்னல் வழியாகச் செஞ்சிக் கோட்டை நிற்கும் ராஜகிரி மலை தெரியும். விடிந்ததும் கருப்பாக, மதியம் வெள்ளையாக, மாலையில் சிவப்பாக. அதன் மூன்று நிறமும் முடிந்தால் ஒரு நாள் முடிந்தது. மும்தாஜ் காலையும் மாலையும் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்தாள். நான் அவளோடு சரியாகப் பேசுவதை நிறுத்தியிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவள் தம்பி இக்பால் மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வந்தான். அங்கே எலக்ட்ரீஷியன். சின்னக் கலர் டிவியும், அதோடு இணைக்கும் ஒரு கம்ப்யூட்டரும் கொண்டு வந்திருந்தான். கம்ப்யூட்டர் என்றால் ரப்பர் பித்தான்கள் வைத்த ஒரு கறுப்புப் பலகை, அவ்வளவுதான். டேப் ரிக்கார்டரை அதோடு இணைத்து, புரோகிராம் பதிந்த கேசட்டைப் போட்டால் ஐந்து நிமிடம் கீச்சென்று கத்தும். டிவியில் கோடுகள் ஓடும். பிறகு திரை கருத்து, அதில் நட்சத்திரங்கள் வரும்.

முதல் நாள் நான் மூச்சை அடக்கிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய இருட்டில் ஒரே ஒரு சிறு கப்பல்.

"இது கேம் மச்சான். விண்வெளிச் சண்டை. ஒம்பது மிஷன் இருக்குது, ஒவ்வொண்ணுலயும் ஒரு வேலையை முடிக்கணும். நான் நாலாவதுலயே மாட்டிக்கினு இருக்கேன்" என்றான் இக்பால்.

விளையாட்டு இதுதான். எட்டுக்கு எட்டு என்று கட்டம் போட்ட வானம். நம் கப்பலுக்கு ஒரு அளவு சக்தி. அதை இன்ஜினுக்கு, கவசத்துக்கு, துப்பாக்கிக்கு, ராடாருக்கு என்று பிரித்துத் தர வேண்டும். நாம் ஒரு முறை நகர்ந்தால் எதிரி ஒரு முறை நகர்வான். ஆனால் என்டர் பித்தானை அழுத்தும்வரை எதுவும் நகராது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். மற்ற எல்லாமே என்னை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு வானமே எனக்காக நின்றது.

நான் சொல்வேன், இக்பால் அழுத்துவான். நாலாவது மிஷனில் மூன்று சரக்குக் கப்பல்களைப் பாறைக்கூட்டம் தாண்டிக் கூட்டிப் போக வேண்டும். இக்பால் எப்போதும் அவற்றின் பக்கத்திலேயே போய்ச் சண்டை போட்டான். நான் பஸ் ஓட்டியவன். மெதுவாக வரும் வண்டியின் வேகம்தான் கூட்டத்தின் வேகம் என்று தெரியும். கடைசிக் கப்பலின் வேகத்துக்கு எல்லோரையும் இறக்கி, நம் கப்பலை ஒரு கட்டம் முன்னால் வழிபார்க்க விட்டோம். இரண்டாம் முயற்சியில் தாண்டினோம். ஐந்தாவதில் மும்தாஜ் உள்ளே வந்தாள். கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தவள், "துப்பாக்கிக்கே எல்லாத்தையும் குடுக்கிறியே, ராடார் அவிஞ்சு கிடக்குது. கண்ணு தெரியாம எங்கடா சுடுவ?" என்றாள். முதலில் பார்வை, பிறகு ஓட்டம், கடைசியில் சுடுவது. அந்த வரிசை ஆறாவதையும் கடக்க வைத்தது.

ஏழாவது எங்களை நிறுத்தியது. நம் தளங்கள் ஐந்து. எதிரிக் கப்பல் ஏழு. ஒரு தளம் தாக்கப்பட்டால் டிவி பீப் பீப் என்று அலறும். ஓடுவோம். போய்ச் சேரும்போது தளம் போயிருக்கும், வேறொன்று அலறும். எட்டு நாள் தோற்றோம். இரண்டு முறை, ஜெயிக்கும் நேரத்தில் கரண்ட் போய் எல்லாம் அழிந்தது.

மும்தாஜ் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எட்டுக்கு எட்டு கட்டம் போட்டாள். தட்டில் விரித்து என் மடிமேல் வைத்தாள். ஏழு புளியங்கொட்டைகள் எதிரிக் கப்பல்கள். ஒவ்வொரு முறையும் திரையைப் பார்த்துக் கொட்டையை நகர்த்துவாள். மூன்று நாள் இப்படிச் செய்தபின் சொன்னாள்.

"இதுங்க எங்க சுத்தினாலும் ஆறு தடவைக்கு ஒரு தபா இந்த மூலைக்கு வருதுங்க. எண்ணெய் போட்டுக்கத்தான் வருது. அங்க போய் உக்காந்துக்கலாம்."

இக்பால் ஆங்கிலக் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினான். "அக்கா சொல்றது சரி மச்சான். இன்ஜினை அணைச்சுட்டா அவங்க ராடார்ல நாம தெரிய மாட்டோம். அஞ்சு தளத்தையும் காப்பாத்தணும்னு எங்கயும் போடல. ரெண்டு மிஞ்சினா போதும்னு இருக்குது."

இத்தனை நாளாக, கேட்காத ஒன்றைச் செய்ய முயன்று தோற்றிருக்கிறோம். கடினமான மிஷன் எதுவானாலும், என்ன கேட்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் முழுதாகப் படியுங்கள்.

அன்று பிற்பகல் அந்த மூலையில், அணைந்துபோன ஒரு நட்சத்திரத்தின் பக்கம் கப்பலை நிறுத்தினோம். இன்ஜின் இல்லை, கவசம் இல்லை. ராடாருக்குக் கொஞ்சம், மீதிச் சக்தி முழுவதும் துப்பாக்கிக்கு. இனி வெறும் என்டர் மட்டும். கம்ப்யூட்டர்ப் பலகை என் மடியில், கொட்டைத் தட்டு பக்கத்தில். மும்தாஜ் என் வலது ஆள்காட்டி விரலைப் பித்தான்மேல் வைத்து, அதன்மேல் தன் விரலால் அழுத்தினாள். முந்தைய வாரம் அவளாகத் தொடங்கிய பழக்கம் இது.

முதல் தளம் அலறி விழுந்தது. இரண்டாவது விழுந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

"போலாம் மும்தாஜ். மிச்சத்தையாவது காப்பாத்தலாம்."

"பொறுங்க. இன்னும் ரெண்டு தபாதான்."

மூன்றாவது தளம் அலறத் தொடங்கியது. கொட்டை ஒன்றை நகர்த்த அவள் கையை எடுத்தாள். சரி, அடுத்தது என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். திரை மாறியது.

மும்தாஜ் நிமிர்ந்தாள். "நீ தொட்டியாடா?"

"நான் எங்கக்கா தொட்டேன்? கை இங்க இருக்குது பாரு."

இருவரும் என் விரலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அது ஏதோ வேறொருவருடைய விரல் போலப் பித்தான்மேல் கிடந்தது. "இன்னொரு தபா" என்றாள் மும்தாஜ். எப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியாது. எங்கே தள்ள வேண்டும் என்று தெரியாத இருட்டில் எதையோ தள்ளினேன். நெல் முனை அளவு விரல் தாழ்ந்தது. ரப்பர் இறங்கியது.

"யா அல்லா" என்று அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இக்பால் எழுந்து சுவரைப் பார்த்து நின்றான். திரையில் எதிரிக் கப்பல்கள் ஐந்து, எண்ணெய் தீர்ந்து, எங்கள் எதிரில் வந்து நின்றிருந்தன. யாரும் அவற்றைச் சுடவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் சுட்டோம். மீதி இரண்டும் பிறகு வந்தன. இரண்டு தளங்கள் மிஞ்சின.

விளையாட்டு என்னைக் குணப்படுத்தியது என்று நான் சொல்லவே மாட்டேன். டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவரும் அதைத்தான் சொன்னார்: "நரம்பு தானா வளர்ந்துச்சு. ஆனா அது வந்த நிமிஷத்தை நீங்க மூணு பேரும் பாத்துட்டீங்க. நிறையப் பேர் பாக்கிறதில்ல." உடற்பயிற்சியை விடாதீர்கள். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். அவற்றோடு, நோயாளி முடிவெடுக்கும்படியான ஏதோ ஒன்றை ஒவ்வொரு நாளும் அவருக்குக் கொடுங்கள். ஊசி, மருந்து, சோறு எல்லாவற்றையும் மற்றவர்கள் முடிவு செய்யும்போது மனிதன் சாமான் ஆகிவிடுகிறான்.

இக்பால் விடுப்பு முடிந்து கம்ப்யூட்டரோடு போய்விட்டான். எட்டாவதை அவன் போகும் முன் கடந்தோம். ஒன்பதாவதை நாங்கள் ஜெயிக்கவே இல்லை. விரல் வந்தபின் மணிக்கட்டு, பிறகு முழங்கை. கால் வருவதற்கு மழைக்காலம் ஆனது. பத்தாம் மாதம் கோலூன்றி நின்றேன். பிறகு மெல்லக் கோலும் தேவையில்லாமல் போனது. பஸ் ஓட்டும் அளவு பலம் திரும்பவில்லை. இப்போது பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருக்கிறேன்.

உள்ளங்காலிலிருந்து மட்டும் செய்தி இன்னும் தாமதமாகத்தான் வருகிறது. போன சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசல் முற்றத்தில் செருப்பைக் கழற்றினேன். கருங்கல் தளம் கொதித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் நுனிக்காலில் துள்ளி நிழலுக்கு ஓடினார்கள். நான் நடுவில் நின்றேன்.

"இன்னா பாய், கால் சுடலியா?" என்று நிழலிலிருந்து ஒருவர் கத்தினார்.

"இருங்க. வந்துனு இருக்குது."

அவர் சிரித்தார். நான் கீழே பார்த்தபடி நின்றேன். டாக்டரம்மா இதைக் கேட்டால் திட்டுவார், கால் வெந்துவிடும். ஆனாலும் ஒரு நொடி, இரண்டு நொடி நின்றேன். எங்கோ வெகு கீழேயிருந்து, புதிதாகப் போட்ட பாதையில் தடவித் தடவி, அது ஏறி வந்தது. சூடு. என் சூடு. வந்து சேர்ந்ததும் நானும் துள்ளிக்கொண்டு நிழலுக்கு ஓடினேன்.