துரைசாணி எடுத்த படத்தில் அப்பா

உமி எரிகிற புகை கண்ணைக் கரிப்பதோடு விடாது, தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பசுந்தாங் கால்வாய் ஓரத்தில் ஓர் அரிசி ஆலையின் உமிமேடு தீப்பிடித்து, மேலே தண்ணீர் ஊற்ற ஊற்ற உள்ளுக்குள்ளேயே கனன்று, மழை வந்து அணைக்கும்வரை தெருவெல்லாம் நாறிக்கிடந்ததே, அதற்கு அடுத்த வெயில்காலத்தில்தான் பிரெஞ்சு துரைசாணி ரங்கூனுக்கு வந்தாள். என்ன வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடம் போகாதவனுக்குத் தீப்பிடித்த வருஷம், தண்ணீர் ஏறின வருஷம் என்றுதான் கணக்கு. நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொள்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவள் நேரில் வருவதற்கு முன்பே எங்களுக்கு அவளைத் தெரியும். ஆலைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் கூடாரம் அடித்து ‘பயாஸ்கோப்பு’ காட்டுவார்கள். படம் பேசாது. நடுநடுவே எழுத்து வரும், அதைப் படிக்க எங்களில் யாருக்கும் தெரியாது. திரைக்குப் பக்கத்தில் கையில் பிரம்போடு காரைக்கால் பாய் நிற்பார். துணிக்கடை வைத்திருந்தவர், பிரெஞ்சு பாஷை தெரிந்தவர், கதையை அவர்தான் தமிழில் உரக்கச் சொல்லுவார். துரைசாணி நடித்த படம் எல்லாவற்றிலும் கடைசியில் செத்துப்போவாள். ஒன்றில் விஷம் குடிப்பாள், ஒன்றில் இருமி இருமிச் சாவாள், ஒன்றில் ஆற்றில் குதிப்பாள். கூடாரத்தில் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுவார்கள். பாய் பிரம்பால் தரையைத் தட்டுவார்.

“அழாதீங்க ஆத்தாமாரே, அடுத்த வாரம் வேற படத்துல உசிரோட வந்து நிப்பாங்க!”

யாரைவிடவும் அதிகமாக அழுகிறவர் என் அப்பா மாரிமுத்து. ஆலையில் மூட்டை தூக்குகிறவர், ஒல்லியானவர், ஆனால் படம் பார்த்துவிட்டு வந்த மறுநாள் முழுக்க எங்களுக்கு அவள் செத்த மாதிரியே செத்துக் காட்டுவார். அம்மாவுக்கு அது பிடிக்காது, “விளக்கு வச்ச வீட்டுல என்ன விளையாட்டு இது” என்பாள்.

அவள் ஏன் நடிப்பை விட்டாள் என்பதைப் பாய்தான் சொன்னார். வயது கொஞ்சம் ஏறியதும் சின்னப் பெண்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்களாம், இவளைத் தாய் வேஷம் போடச் சொன்னார்களாம். இவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, இனி நானே படம் எடுக்கிறேன் என்றாளாம். பொம்பளை என்ன படம் எடுப்பது என்று அங்கே சிரித்தார்களாம். அந்தச் சிரிப்புக்கு எட்டாத தூரத்தில் போய் எடுப்போம் என்று படம் பிடிக்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அதைச் சுற்றுகிற ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டாள். புருஷனைத் தேடித் தூர தேசத்துத் துறைமுகத்துக்கு வருகிற ஒருத்தி, அவன் பிணம் எதிரே போவதைப் பார்க்கிறாள் என்பது கதை. அந்தப் பிணத்துக்குத்தான் ஆள் தேடினார்கள்.

“மாரி, நீ படுத்தா சரியா இருக்கும்யா. உனக்கு வேஷமே வேண்டாம்” என்றார் பாய்.

அப்பா சிரித்தார். “அந்தம்மா நமக்காக எத்தனை தடவை செத்தாங்க பாய்! அவங்களுக்காக நான் ஒரு தடவை சாகக்கூடாதா?”

கால்வாய்க் கரையில் மூங்கில் வெட்டிப் பாடை கட்டினார்கள். கட்டியது எங்கள் சனங்களுக்குச் சாவுச் சடங்கு செய்கிற பரியாரி. துரைசாணி முழங்கால்வரை தூக்கிச் செருகின உடுப்போடு வந்து, எப்படிப் படுக்க வேண்டும் என்று காட்டுவதற்காக, பச்சை ஓலை பரப்பிய அந்தப் பாடையில் தானே ஏறிப் படுத்துக்கொண்டாள். எங்கள் பெண்கள் ஐயையோ என்று அலறிவிட்டார்கள். கண்ணை மூடி, கன்னத்துச் சதையைத் தளர்த்தி, மூச்சு வெளியே தெரியாமல் அவள் கிடந்தது இன்னமும் என் கண்ணில் இருக்கிறது. எழுந்து ஓலைத்தூசியைத் தட்டிவிட்டு, அப்பாவைக் கையைப் பிடித்துப் படுக்க வைத்தாள்.

பாடையைத் தூக்கிக்கொண்டு கரையோரமாக நடந்தால் போதும் என்பதுதான் அவள் கேட்டது. பாய் அதைச் சொன்னதும் பரியாரி தலையை ஆட்டினார். “அரைகுறையாத் தூக்குனா ஊருக்கு ஆகாது பாய். கட்டின பாடைக்கு முறை செஞ்சுதான் எடுக்கணும்.” பாய்க்கு எங்கள் முறை தெரியாது, சரி செய்யுங்கள் என்றுவிட்டார். அப்பாவின் அக்கா, என் அத்தை, அந்த வட்டாரத்திலேயே ஒப்பாரிக்குப் பேர்போனவள். சும்மா அழுவது மாதிரி நடிக்கச் சொன்னால் அவளுக்கு எங்கே வரும்? வாயைத் திறந்ததும், “கடல் தாண்டி வந்த தம்பி, கரை ஏறாமப் போனியே” என்று தம்பியைச் சொல்லியே பாடினாள். கேட்டவர்கள் எல்லோரும் நிஜமாகவே அழுதார்கள். அம்மா மட்டும் ஓரமாக நின்று பாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை எங்கே என்றார் பரியாரி. என் தோளில் நீர்க்குடத்தை வைத்தார். நான் பாடையைச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் குடத்தில் ஓர் ஓட்டை போட்டார், தண்ணீர் என் முதுகில் வழிந்தது. கடைசியில் குடத்தைப் பின்னால் போட்டு உடைக்கச் சொல்லி, “திரும்பிப் பாக்காமப் போ” என்றார். போனேன். முதுகுக்குப் பின்னால் அந்தப் பெட்டி கரகரவென்று சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அசையக் கூடாது என்று துரைசாணி சொல்லியிருந்ததால், அப்பா கடைசிவரை அசையவே இல்லை.

சாயங்காலம் அப்பா குளித்துவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். ஆலைக்காரர்கள் குடியிருந்த ‘லயன்’ வாசலில் அத்தை குறுக்கே நின்றாள்.

“நில்லு தம்பி. உனக்குக் குடம் உடைச்சாச்சு, இனி நீ படியேற முடியாது.”

“என்னக்கா, பசிக்குதுக்கா.”

“பெத்த பிள்ளை சுத்தி வந்து உடைச்சிருக்கான். நானே வாயால பாடிட்டேன். உள்ள விட்டா இந்த வீட்டுல நிஜமாவே ஒரு சாவு விழும்.”

அப்பா அன்றைக்கு மூட்டை அடுக்கும் கொட்டகையில் படுத்தார். தெருப் பெரியவர்கள் கூடினார்கள். செத்தவன் திரும்பி வந்தால் மறுபடி பிறந்ததாகச் சடங்கு செய்து, பேர் வைத்து, தாலியும் மறுபடி கட்டவேண்டுமாம். அதைச் செய்யத் தெரிந்தவர் ரங்கூனில் யாருமில்லை.

சேதி கேட்டுத் துரைசாணியே லயனுக்கு வந்தாள். அவள் சொன்னதைப் பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். “நான் எத்தனையோ தடவை செத்து எழுந்திருக்கேன், எனக்கு யாரும் கதவைச் சாத்தலையேன்னு கேக்குறாங்க.”

“அவங்களுக்கு எந்தப் பிள்ளை குடம் உடைச்சான்னு கேளுங்க” என்றாள் அத்தை.

பாய் கேட்டார். துரைசாணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அத்தைதான் மறுபடி பேசினாள். “அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற வரைக்கும் என் தம்பி பாடையிலதான் படுத்திருக்கான். அதைக் கால்வாய்ல போடச் சொல்லுங்க. தலை முழுகிட்டு நானே அவனைக் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போறேன்.”

துரைசாணி முகம் வெளுத்துப்போனது. பிறகு பெட்டிக்காரனிடம் ஏதோ சொன்னாள். அவன் போய், எடுத்த படத்தைச் சுருட்டி வைத்திருந்த ஒரு வட்டத் தகரடப்பாவைக் கொண்டுவந்தான். அதை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாசலுக்கு வெளியே நின்ற அப்பாவைப் பார்த்தாள்.

“ஏங்க, போடச் சொல்லுங்க” என்றாள் அம்மா. அன்றைக்கு முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான்.

அப்பா அம்மா பக்கம் திரும்பவில்லை. “வேண்டாம் பாய். இத்தனை நாளா அந்தம்மா யாரோ சொன்னபடி செத்தாங்க. இதுதான் அவங்க சொல்லி எடுத்தது. கொண்டுபோகச் சொல்லுங்க.” பிறகு அத்தையிடம், “உன் கோவம் மழை விழுந்தா ஆறிடும்க்கா” என்று சிரித்தார்.

மழை விழுந்தது. அத்தையின் கோபம் ஆறவில்லை. அது கோபமே இல்லை, பயம் என்பது எனக்கே வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. அப்பா இன்சீனில் ரயில் பட்டறை வேலைக்குப் போய்விட்டார், ஒற்றை ஆள்கள் தங்கும் இடத்தில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ரயிலேறுவாள். ரயில் கிளம்பிய பிறகுதான் முடிச்சிலிருந்து குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைப்பாள், திரும்பி வரும்போது முந்தானையால் துடைத்துவிடுவாள். லயனில் யாரும் அவளுக்கு மஞ்சள் கொடுக்கவில்லை, வெள்ளைச் சேலையும் கொடுக்கவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். நான் பரியாரியிடம் ஓடினேன். அவர் பொல்லாதவர் இல்லை, கண் கலங்கித்தான் சொன்னார்.

“உங்கப்பனுக்குக் குறை இல்லாமச் செஞ்சாச்சுடா. ஒரு ஆளுக்கு ரெண்டு குடம் உடைக்கிற வழக்கம் கிடையாது.”

பட்டறையில் கூட வேலை செய்த பர்மாக்காரர்கள்தான் அவரைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அம்மா வளையலைத் தானே கழற்றி வைத்தாள், கூட உட்கார்ந்து அழ யாரும் வரவில்லை. ஊரில் எந்தச் சாவுக்கும் முதலில் போய்ப் பாடுகிற அத்தை, அன்றைக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்து திறந்து மூடியது, பாட்டு வரவில்லை.

அந்தப் படம் ரங்கூனுக்கு வரவே இல்லை. துரைசாணியின் ஊரில் ஓடியதாம், அந்தச் சாவைப் பார்த்துச் சனங்கள் எழுந்து நின்றுவிட்டார்களாம், அதற்கப்புறம் அவளை நடிகை என்று யாரும் சொல்லவில்லையாம், படம் எடுக்கிறவள் என்றே சொன்னார்களாம். பாய் ஊருக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போனது இது. நிஜமா, என்னைத் தேற்றச் சொன்னதா, தெரியாது.

இப்போது அந்தக் கரையில் அடுக்குமாடி வீடுகள். லயனும் இல்லை, ஆலையும் இல்லை. என் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், வாயில் வராது. இந்தக் கதையை அவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். அப்பாவுக்கு ஒரு போட்டோ கிடையாது. அவர் முகம் இந்த உலகத்தில் எங்கேயாவது இருந்தால் அந்தத் தகரடப்பாவுக்குள்தான் இருக்க வேண்டும்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எந்த ஊரிலாவது பழைய படம் காட்டுகிற இடத்தில், ஒரு கால்வாய்க் கரையும், பாடையில் ஒல்லியாக ஒரு மனுஷரும், குடத்தோடு சுற்றுகிற ஒரு பையனும் வந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அவரை அடுத்தவரிடம் சொல்லச் சொல்லுங்கள்: அந்த மனுஷர் சாகவில்லை, அந்தம்மா சொன்னதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்.