சூட்டில் வெளுத்த கல்

தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூரில் குவார்ட்ஸ் அரைக்கும் மில் ஒன்றில் சாம்பிள் ரூம் என் பொறுப்பில் இருந்தது. வெங்கச்சாங்கல் என்று சொல்கிறோமே, அதே கல்தான். கடல் காற்றில் எல்லாம் ஈரம் கோத்துக்கொள்ளும் என்பதால், மேஜைக்கு எந்தக் கல் வந்தாலும் முதலில் ஹாட் பிளேட்டில் காயவைப்போம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும்.

கத்திவாக்கத்து மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி கல்லூரியில் இந்தக் கல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். எங்கள் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. அதனால் புகை நிறக் கற்கள் இரண்டைக் கறுப்புத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, வெளிச்சம் படாமல் அரைத்துத் தரச் சொன்னாள். அந்த வெளிச்சம் மட்டும் படலாம் என்று ஒரு சின்னச் சிவப்பு பல்பையும் கொடுத்தாள். மலையேறித் தேடி எடுத்த கற்கள், இவை போனால் படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்று இரண்டு தடவை சொன்னாள். எனக்கு ஒரு விஷயத்தை இரண்டாம் தடவை சொன்னாலே கோபம் வரும். கல்லுக்கு என்ன, கண் கூசுமா என்று மனசுக்குள் கிண்டல் பண்ணினேன்.

மறுநாள் மதியம் சிவப்பு பல்பைப் போட்டு, ஒரு கல்லை உடைத்து, வழக்கம்போல் ஹாட் பிளேட்டில் பரப்பினேன். சற்று நேரத்தில் கரண்ட் போனது. எரிச்சலோடு கதவைத் தேடித் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டேன். சூடான தட்டின் மேல் துண்டுகள் ஒவ்வொன்றும் நீலமாக ஒளிர்ந்தன. நெருப்பு இல்லை, புகை இல்லை. கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன். மெல்ல மங்கி, அணைந்துபோனது.

கரண்ட் வந்ததும் பார்த்தால், கல்லில் புகை நிறமே இல்லை. வெள்ளையாகிக் கிடந்தது. யார்டில் புகைக்கல்லுக்குப் பஞ்சமா? ஒன்றை எடுத்து அரைத்துக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? ஒரு நிமிஷம் நினைக்கத்தான் செய்தேன். ஆனால் அந்த நீலத்தைப் பார்த்த பிறகு பொய் சொல்ல வாய் வரவில்லை. சாயங்காலம் அவள் வந்ததும் சொல்லிவிட்டேன்.

"தப்பு என் மேலதாம்மா. ஒரு கல்ல சூடு பண்ணிட்டேன். இருட்டுல அது மின்னிச்சு."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"உள்ள ஒரு சிட்டிகை அலுமினியம் கீதுண்ணே. மண்ணுலருந்து வர்ற கதிர்வீச்ச லட்சக்கணக்கான வருஷமா புடிச்சி வச்சிகினு இருந்துச்சி. சூடு பட்டா மொத்தத்தையும் வெளிச்சமா வுட்டுடும். அதுல எவ்ளோ இருக்குன்னு அளக்கறதுதான் என் படிப்பே."

லட்சக்கணக்கான வருஷத்தை நான் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் செலவழித்திருக்கிறேன்.

"அந்த வெளிச்சம் இன்னா கலருண்ணே?" என்றாள்.

"உனக்குத் தெரியாதா?"

"மிஷின்தான் அத அளந்து பேப்பர்ல கோடு போடும். அந்தக் கோட்டத்தான் மூணு வருஷமா பாத்துகினு கீறேன்."

சிவப்பு பல்பை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியிருந்த கல்லை எடுத்து, சுத்தியலால் நகத்தளவு ஒரு சில்லு பெயர்த்தாள்.

"வேணாம்மா, இருக்கறதே இது ஒண்ணுதான்," என்றேன்.

அவள் கேட்கவில்லை. சில்லைச் சூடான தட்டில் வைத்துவிட்டு பல்பை அணைத்தாள். இருட்டில் காத்திருந்தோம். அது நீலமாக ஒளிர்ந்தபோது அவள் தட்டின் மேல் குனிந்தாள். அணைந்து வெகுநேரம் ஆன பிறகும் சுவிட்சுக்கு மிக அருகில் நின்றிருந்த நான் பல்பைப் போடக் கையை நீட்டவில்லை.