வாய் திறந்த மீன்களுக்குத் தீனி போட்ட காலை

என் கணவரின் காரியம் முடிந்த அன்று, அவருடைய அண்ணன் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: "உனக்கு வருமானம் இல்லமா. தை மாசம் வரிக்கும் பாக்கறேன். அப்புறம் கொழந்தைய திருத்தணிக்குக் கூட்டிக்கினு போய் நானே படிக்க வெச்சிக்கறேன்."

அவர் கெட்டவர் இல்லை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் சரி என்று தலையாட்டினேன். என் மகள் தேன்மொழிக்கு அப்போது எட்டு வயது. நான் பெற்ற மகளைக் கூட்டிப் போகிறேன் என்கிறார், நான் தலையாட்டுகிறேன். அப்படித்தான் இருந்தேன், அடியார்களே.

என் கணவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். ஆடி மாதம், ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்காக ரோட்டைக் கடக்கும்போது லாரி அடித்துவிட்டது. நான் அழவில்லை. அழுத்தக்காரி என்று தெருவில் பேசினார்கள். எனக்கு அதுவும் உறைக்கவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் சாப்பிட்டேன். வீட்டில் பட்டு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு நூலைத் தொட்டாலே அறுந்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டு நூல் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

விதவைச் சான்றிதழுக்காக கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றபோது பக்கத்தில் நின்ற பெண்தான் சொன்னாள். மாகறல் போகிற வழியில் ஒரு மீன் பண்ணை இருக்கிறது, மூன்று மாதம் பயிற்சி தருகிறார்கள், ஒழுங்காக முடித்தால் அங்கேயே வேலை என்று. சேர்ந்துவிட்டேன்.

எங்கள் வீடு சைவம். மீன் வாங்கியதே இல்லை. மீன் வளர்த்து விற்கிற இடத்துக்கு இவள் போகலாமா என்று, கோயிலில் என்னைத் தெரிந்த உங்களில் சிலர் அப்போதே முகம் சுளித்தீர்கள். இன்றைக்கும் சுளிக்கலாம். மற்ற நேரமாக இருந்தால் நானே நூறு தடவை யோசித்திருப்பேன். அன்றைக்கு யோசிக்கிற தெம்பு எதுவும் என்னிடம் மிச்சமில்லை.

பயிற்சி கொடுத்தவர் வசந்தி மேடம். கண்டிப்பானவர். குளத்துக்குச் சுண்ணாம்பு போடுவது, வலை இழுப்பது, கட்லா மீன் எது ரோகு மீன் எது என்று பிரித்துப் பார்ப்பது, எல்லாம் சொல்லிக் கொடுத்தார். நோட்டில் எழுதினேன். கை எழுதியது, தலைக்குள் போகவில்லை. பிரதோஷத்துக்குப் பிரதோஷம் மாகறல் கோயிலுக்கும் போனேன். என் பிள்ளை என்னிடம் இருக்க வேண்டும் என்று வேண்டினேன். வேண்டினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அரிசி களைவது மாதிரி வாய் பாட்டுக்குச் சொன்னது, நான் நின்றிருந்தேன்.

கார்த்திகை மாதம். பயிற்சி முடிய இரண்டு வாரம் இருந்தது. மூன்று நாளாக வெயிலே இல்லை, மழையும் மூட்டமும்தான். அந்த வாரம் காலைப் பொறுப்பு என்னுடையது. பொழுது விடிகிற நேரத்துக்குப் பண்ணைக்குப் போனேன். கரண்ட் போய், தண்ணீரைச் சுழற்றிக் காற்றேற்றும் ஏரேட்டர் நின்றிருந்தது. ஜெனரேட்டரும் கிளம்பாததால் காவலாளி மெக்கானிக்கைக் கூப்பிடப் போயிருந்தார்.

பெரிய குளத்தில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எனக்கு மீன் என்றால் கோயில் குளத்து மீன்தான். பொரி போட்டால் இப்படித்தான் வாயைத் திறந்துகொண்டு வரும். பாவம், பசி போலிருக்கிறது என்று தீவன மூட்டையைப் பிரித்து, வாளி வாளியாக அள்ளிப் போட்டேன். ஒரு மீனும் தின்னவில்லை. தீவனம் அப்படியே மிதந்தது. ஓரத்தில் இரண்டு மூன்று மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு திரும்பின.

மேடத்துக்குப் போன் செய்தேன்.

"தீனி போட்டியா? அய்யோ, அதுங்களுக்குப் பசி இல்லமா, மூச்சு முட்டுது! தண்ணியில காத்து இல்ல. எறங்கி அடி. தண்ணிய அடிச்சிக்கினே இரு. நான் வரதுக்கு ஒரு மணி நேரம் ஆவும்."

இதைத்தான் அவர் முதல் மாதமே ஒரு நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார். அந்த வகுப்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். என் நோட்டில் இருக்கிறது.

தீவனம் அள்ளிய வாளியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அடித்தேன். அவ்வளவு பெரிய குளத்தில் ஒருத்தி வாளியால் அடித்தால் என்ன ஆகும்? என்னைச் சுற்றி நாலு முழத்துக்கு நுரை வந்தது, அவ்வளவுதான். மீன்கள் என் காலில் இடித்துக்கொண்டு போயின. குளம் போனால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் தையில் தேன்மொழி என்னிடம் இல்லை. நாலு மாதமாகத் தெரிந்த விஷயம்தான். அந்தத் தண்ணீருக்குள்தான் முதல் தடவையாக எனக்கு அது புரிந்தது. கத்திவிட்டேன்.

"ஈஸ்வரா! எம் பொண்ண எடுத்துக்கினு பூடுவாங்க! ஈஸ்வரா!"

எத்தனை தடவை கத்தினேன் என்று தெரியாது. தொண்டை கிழிந்து ரத்த ருசி வந்தது. அப்போது பக்கத்து வயல்காரர் முனுசாமி கரைமேல் ஓடி வந்தார். குளத்துத் தண்ணீர் கசிந்து அவர் பயிரைக் கெடுக்கிறது என்று பண்ணையோடு அவருக்குச் சண்டை. எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"இன்னாமா, பொண்ணு உள்ள வுழுந்துடுச்சா? எங்க? எந்தப் பக்கம்?" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிக்கப் போனார்.

"பொண்ணு இல்லண்ணா. மீனு. மீனு சாவுது" என்றேன்.

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அடச்சே, மீனா" என்றார். திரும்பி ஓடினார். அவர் வயலில் தேங்கிய மழைத் தண்ணீரை இறைக்க அன்று காலைதான் டீசல் இன்ஜினைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். அதைத் தன் மகனோடு சேர்ந்து கரைக்கு இழுத்து வந்தார். குளத்துத் தண்ணீரையே உறிஞ்சி, குழாய் வாயை உயரத் தூக்கிப் பிடித்து, மறுபடி குளத்தின் மேலேயே பீய்ச்சி அடித்தார். நானும் வாளியை நிறுத்தவில்லை. மெல்ல மெல்ல மீன்கள் கீழே இறங்கின.

மேடம் வந்தபோது கரையோரம் செத்த மீன்கள் வெள்ளையாக ஒதுங்கியிருந்தன. ஆனால் குளம் பிழைத்துவிட்டது. நான் மறைக்கவில்லை. தீவனம் போட்டதையும், பாடத்தைக் கேட்காமல் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். மேடம் வாய் திறப்பதற்குள் முனுசாமி அண்ணன் முந்திக்கொண்டார்.

"இந்தம்மாவ அனுப்பிடாதீங்க மேடம். இது கத்துன கத்துக்கு நான் கொழந்ததான் பூடுச்சுன்னு நெனச்சேன். கசிவ அப்புறம் பேசிக்கலாம்."

"ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுது, உன் குரல நான் இன்னிக்குத்தான்மா கேக்கறேன்" என்றார் மேடம். மீதி இரண்டு வாரமும் எல்லாப் பாடத்தையும் முதலிலிருந்து எனக்கு மறுபடி நடத்தினார்.

அழுதாயா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் கரையேறியதும் குளிரில் பல் கிடுகிடுவென்று அடித்தது. குளிர் என்று ஒன்று இருப்பதே ஆடி மாதத்துக்குப் பிறகு அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பசித்தது. முனுசாமி அண்ணன் வீட்டில் இட்லி கொடுத்தார்கள். சட்னியில் உப்பு அதிகம் என்று கண்டுபிடித்தேன். சந்தோஷமாக இருந்தது.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நானும் பயிற்சி கொடுக்கிறேன். மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் என்ன அர்த்தம் என்று முதல் நாளே கேட்பேன். பாதிப் பேர் பசி என்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும். என் கதையைச் சொல்வேன். மரத்துப்போன மனது முழுசாகத் திரும்பிவிட்டதா என்றால், இல்லை. சில நாள் காலையில் எழுந்தால் பழையபடி ஒன்றும் தெரியாமல்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுந்து குளத்துக்குப் போகிறேன்.

உங்களில் யாராவது என்னை மாதிரி இருந்தால், மனது ஒன்றவில்லையே, கண்ணீர் வரவில்லையே, இந்த வேண்டுதல் ஈஸ்வரனுக்கு எட்டுமா என்று கணக்குப் பார்க்காதீர்கள். வந்த குரலில் கூப்பிடுங்கள். அவன் அனுப்புகிற ஆள் உங்களோடு சண்டை போட்டவராகக்கூட இருப்பார், கரையேறி வர விடுங்கள்.

தை மாதம் என் கணவரின் அண்ணன் சொன்னபடியே வந்தார். பண்ணையில் கொடுத்த வேலை உத்தரவைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "சரிமா, லீவுக்காவது அனுப்பு" என்றார். நான் தலையாட்டவில்லை. "அனுப்பறேன் மாமா, நானும் கூட வரேன்" என்று வாய் திறந்து சொன்னேன். தேன்மொழி இப்போது ஐந்தாவது படிக்கிறாள். என்னோடுதான் இருக்கிறாள்.