இரண்டு நிமிட மணி

எங்கள் நகராட்சி அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மணியக்கா என்பார்கள். கோப்பறையைத் திறப்பது, நாற்காலி போடுவது, தண்ணீர் வைப்பது, மைக்கைத் தட்டிப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. ஆனால் ஊருக்கு அவரைத் தெரிந்தது மேசை மணியால்தான். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு நிமிடம். முதல் வார்த்தை வாயிலிருந்து விழுந்ததும் அக்கா கடிகாரத்தை ஓட விடுவார். நேரம் முடிந்ததும் உள்ளங்கையால் மணியில் ஒரு தட்டு. மைக் அணைந்துவிடும்.

நான் பக்கத்து நாற்காலி. பேசுகிறவர்கள் பேசுவதை எழுதுகிறவன். மணிக்குப் பிறகு யார் என்ன கரடியாகக் கத்தினாலும் அது என் தாளில் ஏறாது.

அக்காவும் ஒரு காலத்தில் இளகிய மனசுக்காரர்தான். ஆறு வருடத்துக்கு முன்பு, சந்தையை இடம் மாற்றும் விவகாரத்தில் ஒரு பெண் அழுதுகொண்டே பேசினார். மணிக்கு மேல் போன அந்தக் கை அப்படியே நின்றது. அரை நிமிடம் கூடுதல். எதிர்த்தரப்பு மனு போட்டது. கூட்டமே செல்லாது என்றாகி, எல்லோரையும் மறுபடி கூப்பிட்டு அரைத்த மாவையே அரைக்க வேண்டியதாயிற்று. அக்கா விளக்கக் கடிதம் எழுதியே ஓய்ந்துபோனார். அன்றைக்குப் பிறகு தலைவரின் மைத்துனருக்கும் அதே மணி, அதே தட்டு.

இப்போது சைக்கிள் பாதை. பெரிய சாலையின் ஓரமாகப் பச்சை பூசி, ரப்பர் கம்பங்கள் நட்டு, நான்கு வருடம் ஆகிறது. அதை எடுக்கலாமா வேண்டாமா என்று மூன்று கூட்டம் நடந்து முடிந்திருந்தது. எனக்குக் காது புளித்துவிட்டது. வாடிக்கையாளர் வண்டி நிறுத்த இடமில்லை என்று மெத்தைக் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருமுவார். சைக்கிள் சங்கத்துப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசுவார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், இரண்டு பக்கமும் தப்பு என்று நிரூபிக்க வருவார். "இப்ப இருமுவாரு பாருங்க சார்" என்று அக்கா உதடு அசையாமல் சொல்வார். மெத்தைக்காரர் இருமுவார். எங்களுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அது.

அக்காவுக்கு இதில் ஒரு கட்சி உண்டு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் வீட்டுக்காரர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது கையையும் காலையும் நாக்கையும் பாதி எடுத்துக்கொண்டு போனது. பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைக்க வேண்டும். டெப்போவில் இரக்கப்பட்டு, பஸ்ஸில் தவறவிட்ட பொருட்கள் வைக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு, ஒரு முறை ஒரு பல் செட். பஸ் படி ஏற முடியாது. மூன்று சக்கர சைக்கிளில், அந்தப் பச்சைப் பாதை வழியாக, துணைக்கு யாரும் இல்லாமல் தானே போய் வந்தார்.

"பாதை போச்சுன்னா அவரால லாரிக்கு நடுவுல போக முடியாது சார்" என்று ஒரு நாள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார் அக்கா. "வீட்டுல உக்காந்துட்டார்னா அவ்வளவுதான். சுவத்தைப் பாத்தே முடிஞ்சிருவார்."

"நீங்க ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துப் பேச வேண்டியதுதானேக்கா?"

"மணி அடிக்கிறவ பேசலாமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த நாற்காலியைத் தூக்கப் போய்விட்டார்.

நான்காவது கூட்டம், பிற்பகல் மூன்று மணி. பேச விரும்புகிறவர்கள் பெயர் எழுதிப் போட்ட சீட்டுகளை அக்கா வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். ஒரு சீட்டில் கை நின்றது. எட்டிப் பார்த்தேன். இடது கையால் எழுதிய எழுத்து, எறும்பு மையில் விழுந்து நடந்த மாதிரி. முப்பத்தேழாவது எண். அக்கா வீட்டுக்காரர்தான். வீட்டில் மூச்சுவிடாமல் வந்து சீட்டுப் போட்டிருக்கிறார் மனுஷன்.

"அக்கா, அந்த நேரத்துக்கு நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க. மணியை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீங்க அஞ்சு செகண்டு தள்ளி அடிப்பீங்க. எனக்குத் தெரியும்."

"அடிச்சா என்ன?"

"மறுபடி ஒரு கூட்டம். மறுபடி அந்த இருமல். அவரு மறுபடி இவ்வளவு தூரம் வந்து நிக்கணும்." சீட்டை அதன் இடத்தில் செருகினார்.

முப்பத்தேழு என்று கூப்பிட்டதும், கடைசி வரிசையிலிருந்து அவர் நடந்து வரவே ஒரு நிமிடம் ஆனது. நல்ல வேளை, கடிகாரம் முதல் வார்த்தைக்குத்தான் ஓடும். மைக்கைப் பிடித்தார். அக்கா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வணக்கம்" முடியவே நேரம் பிடித்தது. கூட்டம் அமைதியாகிவிட்டது.

"நான்... இந்த ரோட்டுல... முப்பது வருஷம்... பஸ் ஓட்டுனேன்."

என் பேனா ஒவ்வொரு சொல்லுக்கும் காத்து நின்றது.

"இந்தப் பாதை... போட்டப்ப... முதல்ல திட்டுனது... நான்தான். சைக்கிள்காரனைப் பாத்தா... ஹாரன்ல... கையை வெச்சு... எடுக்க மாட்டேன்."

சபை சிரித்தது. மெத்தைக்காரர் கைதட்டினார். அவரும் பாதி வாயால் சிரித்து, சிரிப்பு அடங்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். பாவி மனுஷன், அதிலும் நேரம் போகும் என்று அவருக்குத் தெரியவில்லை.

"இப்ப..." என்றார்.

மணி அடித்தது.

முதலில் எதிர்த்தவர் மெத்தைக்காரர். "பேசட்டும் விடும்மா! என் நேரத்துல ஒரு நிமிஷம் அவருக்குக் கொடு!"

"நேரம் மாத்திக் கொடுக்க விதியில்ல சார்."

"மனுஷிதானா இவ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவர் யாருடைய மனைவி என்று அந்தக் குரலுக்குத் தெரியாது. அக்கா மைக்கை அணைத்தார். அவர் வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டு, வந்த வழியே நடந்தார்.

"முப்பத்தெட்டு" என்றார் அக்கா. குரலில் ஒன்றும் இல்லை.

என் குறிப்பில் அந்தப் பேச்சு 'இப்ப' என்பதோடு நிற்கிறது.

மறுநாள் மெதுவாகக் கேட்டேன். "அதுக்கப்புறம் என்ன சொல்ல இருந்தாராம்?"

"கேட்டேன் சார். 'நேரம் முடிஞ்சிருச்சு'ன்னார். சொல்லிட்டு ஒரே சிரிப்பு. நானும் சிரிச்சேன். அப்புறம் சமையலறைக்குப் போய்ட்டேன்."

பத்து நாளில் கவுன்சிலர்களின் வாக்கெடுப்பு. ஏழுக்கு ஐந்து. பாதை எடுக்கப்பட்டது. அவர் பேச்சை முடித்திருந்தால் மட்டும் ஒரு கை மாறியிருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை. அந்த ஏழு பேரில் இரண்டு பேர் அவர் பேசும்போதே போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் வந்து பச்சையைச் சுரண்டியது. கம்பங்களைப் பிடுங்கி எங்கள் கோப்பறைக்குப் பின்னால் குவித்தார்கள்.

அந்த வாரத்திலிருந்து அக்கா தினமும் அரை மணி தாமதம். மூன்று சக்கர வண்டிக்கும் லாரிகளுக்கும் நடுவில் நடந்து, அவரை டெப்போவில் விட்டுவிட்டு வருகிறார். வருகைப் பதிவேட்டில் நேரத்தைச் சரியாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். அதிலும் ஒரு நிமிடம் குறைப்பதில்லை.

நேற்று புடவையெல்லாம் சாலைப் புழுதியோடு வந்து, பைகூட வைக்காமல் என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"மிச்சத்தை இன்னிக்குச் சொன்னார் சார்."

பேனாவை எடுத்தேன். எதற்கென்று தெரியவில்லை, பழக்கம்.

"பின்னாடி ஒரு பஸ் விடாம ஹாரன். அவர் வண்டியை நிறுத்திட்டுச் சொல்றார், 'இப்ப ஹாரன் அடிக்கிறவன் யாருன்னு திரும்பிப் பாக்க மாட்டேன். பழைய நான்தான்னு நெனச்சுக்குவேன். அவன் கெட்டவன் இல்ல, அவனுக்குத் தெரியாது. அன்னிக்குக் கூட்டத்துக்கு அதைச் சொல்லத்தான் வந்தேன்'னு."

நான் எழுதவில்லை.

"அவர் சொல்லச் சொல்ல நான் கையில கட்டியிருக்கிற வாட்சைப் பாத்துட்டே இருந்திருக்கேன் சார்." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நாப்பது செகண்டு. நாப்பது செகண்டுதான் சார் ஆச்சு."

பிறகு கோப்பறைச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.