அண்ணன் ஏற்றுக்கொண்ட அம்பு

அந்த மானை அடித்தவன் நான். வழக்கு என் அண்ணன் பேரில் நடந்தது.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். கிணத்துக்கடவுக்கு மேற்கே, மலையை ஒட்டிய எங்கள் பூமியில் விவசாயம் பார்த்தார். நான் கோயமுத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்புசெட்டு உதிரிகள் கடைந்து கொடுப்பது தொழில். அந்த வருடம் மழை இல்லை. மலையிலிருந்து புள்ளிமான்கள் விடியற்காலையில் கூட்டமாக இறங்கி வந்து கடலைச் செடியைக் கடித்துப் போட்டுவிட்டுப் போயின. அண்ணன் வேலியில் பழைய சேலைகளைக் கட்டிப் பார்த்தார், தகரம் தட்டிப் பார்த்தார், வனத்துறைக்கு மனு கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. போனில் பேசும்போதெல்லாம் குரல் அசந்து கிடந்தது.

அவருக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு நான் குறுக்குவில் ஒன்று செய்தேன். துப்பாக்கிபோலத் தோளில் வைத்து விசையை இழுத்தால் அம்பு பாயும். வெளிநாட்டுக்காரர்கள் அதை வைத்து மான் வேட்டையாடும் வீடியோக்களை ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் ஜீப்பின் ஸ்பிரிங் பட்டை ஒன்றை வாங்கி அறுத்துத் தேய்த்தேன். அம்பு முனைகளை என் கையாலேயே கடைந்தேன். உண்மையைச் சொன்னால் கடலைச் செடி ஒரு சாக்குத்தான். வில் அவ்வளவு நேர்த்தியாக வந்திருந்தது. அது வேலை செய்வதைப் பார்த்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது.

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "தொரத்தியுட்டாப் போதும் கண்ணு. வாயில்லாத சீவன்" என்றார். பயமுறுத்தத்தான் என்று நானும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது ஐந்து மான்கள் கடலைக்காட்டில் நின்றன. நாங்கள் மோட்டார் ரூம் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். தலைக்கு மேலே அடித்தால் போதும், அவை ஓடியிருக்கும். நான் அப்படிக் குறி வைக்கவில்லை. ஓரமாக நின்ற பெண்மானின் விலாவைப் பார்த்து விசையை இழுத்தேன்.

ஈரத்துணியைக் கல்லில் அடித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. மற்றவை வேலியைத் தாண்டிப் பறந்தன. அடிபட்டது மட்டும் முதுகைக் கூனிக்கொண்டு, மெதுவாக, பள்ளத்துப் பக்கம் போனது. ஓடையை எங்கள் பக்கம் பள்ளம் என்போம்.

முதுகைக் கூனிக்கொண்டு போனால் அம்பு வயிற்றில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது உடனே பின்னால் போகக் கூடாது. பல மணி நேரம் விட்டுவிட்டால் பக்கத்திலேயே படுத்து அடங்கிவிடும். துரத்தினால் வலியோடு எழுந்து எழுந்து ஓடும். வீடியோவில் இதை எத்தனையோ தடவை கேட்டிருந்தேன். ஆனாலும் என்னால் நிற்க முடியவில்லை. உடனே ஓடினேன். அண்ணன் பின்னால் வந்தார்.

செடி இலைகளில் ரத்தம் கறுப்பாகச் சொட்டியிருந்தது. அதில் தழையின் புளித்த வாடை அடித்தது. பள்ளத்து மணலில் அது படுத்திருந்தது. எங்களைக் கண்டதும் முன்னங்காலை ஊன்றி எழுந்து போனது. வேலிமுள் புதருக்குள் மறுபடி கண்டோம், மறுபடி எழுந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு ரத்தம் நின்றுபோய்விட்டது. அதற்கப்புறம் குளம்புத் தடத்தையும் ஒடிந்த புல்லையும் பார்த்துக்கொண்டு குனிந்தே நடந்தோம். வெயில் உச்சிக்கு வந்தபோது அண்ணி போன் செய்தார். அண்ணனும் அண்ணியும் குடியிருக்கும் தோட்டத்துச் சாளைக்குப் பின்னால், சொட்டுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு மான் வந்து படுத்திருக்கிறதாம்.

சுற்றிச் சுற்றி அது எங்கள் பூமிக்கே வந்திருந்தது. அண்ணி ஒரு பேசினில் தண்ணீர் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். மான் தண்ணீரைக் குடிக்கவில்லை, வாயை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தது. அம்பின் பின்பக்கம் வயிற்றுக்கு வெளியே, மூச்சுக்கு மூச்சு ஆடியது.

"ஏனுங்க, உசுரோட இருக்குதுங்க. யாரையாச்சும் கூப்புடுங்க" என்றார் அண்ணி.

கூப்பிட்டால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் தெரியும். நான் அண்ணனைப் பார்த்தேன். கூப்பிட வேண்டாம் என்று அவர் சொல்ல வேண்டும் என்றுதான் பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து வனக்காப்பாளரைக் கூப்பிட்டார்.

வனக்காப்பாளர் கால்நடை டாக்டரோடு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. டாக்டர் ஊசியை எடுத்துக்கொண்டிருக்கும்போதே மான் கழுத்தை நீட்டித் தரையில் வைத்தது. அவ்வளவுதான்.

யார் அடித்தது என்று வனக்காப்பாளர் கேட்டார்.

"நாந்தானுங்க" என்றார் அண்ணன். "எந்தம்பிக்கு ஒண்ணும் தெரியாதுங்க. இப்பத்தான் டவுன்ல இருந்து வந்தான்."

என் வேட்டியெல்லாம் முள் கிழித்திருந்தது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. இன்றுவரை அதற்கு வேறு விளக்கம் என்னிடம் இல்லை. அண்ணனே போய் வில்லை எடுத்துவந்து கொடுத்தார். ஜீப்பில் ஏறும்போது என் தோளில் கைவைத்து, "பொண்ணு கண்ணாலத்தப் பாரு" என்று மட்டும் சொன்னார். என் மகளுக்குத் தை மாதம் முகூர்த்தம் குறித்திருந்தோம்.

பதினெட்டு நாள் ஜெயிலில் இருந்தார். ஜாமீனில் வந்த பிறகு திங்கட்கிழமைதோறும் வன அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நான்தான் காரில் கூட்டிப் போவேன். அவர் உள்ளே போய் வரும்வரை வெளியே நிற்பேன். திரும்பி வரும்போது தேங்காய் விலை, மழை, கிணற்றுத் தண்ணீர் என்று பேசுவார். ஒரு தடவை, நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். கல்யாணம் முடியட்டும் என்றார்.

கல்யாணத்தில் பெரியப்பாவாக மேடையில் நிற்க வேண்டியவர், பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். சம்பந்தி வீட்டார் ஏதும் பேசிவிடக் கூடாது என்று அவராகவே ஒதுங்கிக்கொண்டது அது. போட்டோ எடுக்கக் கூப்பிட ஆள் அனுப்பினேன். கை வேலையாக இருக்கிறது என்று சொல்லியனுப்பிவிட்டார். ஜெயிலுக்குப் போய் வந்தவர் என்று ஒரு பெண்மணி யாரிடமோ அவரைக் காட்டிச் சொன்னதை நானே கேட்டேன்.

கல்யாணம் முடிந்தது. மறுவீடு, சீர் என்று நாட்கள் தள்ளிப்போயின. தள்ளிப்போட்டது நான்தான். மாசி மாதத்தில் ஒருநாள் காலை, தண்ணீர் பாய்ச்சக் குழாயின் கேட்வால்வைத் திறக்கப் போன அண்ணன் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவரோடு வழக்கும் முடிந்ததென்று வக்கீல் சொன்னார்.

கருமாதி முடிந்த அன்று அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியுமுங்க தம்பி. ஜெயில்ல பாக்கப் போன மொத நாளே சொல்லிப்போட்டாரு" என்றார். பிறகு, "நீங்க ஆபீசுக்குள்ள வந்து சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தாருங்க. ஒவ்வொரு திங்கக்கெழமையும் இருந்தாரு" என்றார்.

அங்கிருந்து எழுந்து பந்தலுக்கு வந்தேன். மாமன்மாரும் பங்காளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். மானை அடித்தது அண்ணன் இல்லை, நான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். செத்தவர் பேரில் இருந்த பழியைத் துடைக்க உடன்பிறந்தவன் சொல்கிற வார்த்தை என்றே எடுத்துக்கொண்டார்கள். பெரிய மாமன் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து, உன்னைப்போல ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்றார்.