நாலாவது ஆளாக ஓடிய மலர்க்கொடி

2024 செப்டம்பர் 6: ஸ்பைக் ஷூ ஒரு ஜோடி. ரூ. 6,500.
செப்டம்பர் 12: முன்பணம். ரூ. 10,000.
செப்டம்பர் 14: நடவுக் கூலி, ஆளுக்கு ரூ. 400.
செப்டம்பர் 16: முன்பணம் திருப்பியது. ரூ. 10,000.
அக்டோபர் 9: நால்வருக்கு டீ, வடை. ரூ. 88.

ஷூவும் முன்பணமும் தஞ்சாவூரில் விளையாட்டு உடுப்பு தைக்கும் ஒரு கம்பெனி கொடுத்தவை. வாங்கியவள் வெண்ணாற்றங்கரை அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் மலர்க்கொடி. நானூறு மீட்டரில் அவளை முந்த அந்த வட்டாரத்தில் ஆளில்லை. பள்ளியின் நால்வர் ரிலே அணியிலும் நாலாவதாக ஓடுபவள் அவளே.

கம்பெனி ஆள் நௌஷாத் ஒளிவுமறைவு இல்லாதவர். பணத்தை நீட்டும்போதே நிபந்தனையையும் சொல்லிவிட்டார்.

"எங்க பனியனைப் போட்டுக்கிட்டு தனி ஓட்டம் மட்டும் ஓடும்மா. ரிலே வேணாம். மூணாவதா ஒரு பொண்ணு வருதே, அஃப்ரீன், அது ஓடுதா, ஊர்வலம் போகுதான்னே தெரியல. தோக்குற டீம்ல எங்க பேரு தெரியக்கூடாது."

கையெழுத்து திங்கட்கிழமை என்று பேச்சு. அம்மா ராசம்மாள் பணத்தை அரிசிப் பானைக்குள் வைத்தாள். மழைக்கு முன் கூரை மாற்றியாக வேண்டும்.

சனிக்கிழமை சம்பா நடவு. மலர்க்கொடியும் அம்மாவோடு சேற்றில் இறங்கினாள். ராசம்மாளின் கைவேகம் ஊரறிந்தது. பக்கத்தில் நட்டுவந்த கமலாம்பாளுக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் வந்தாள்.

"என்னடி முடிவு பண்ணே?" என்றாள் ராசம்மாள், கை ஓயாமல்.

"அஃப்ரீனை விட்டுட்டு எப்படிம்மா?"

"அவ மெதுவா ஓடுனா நீ என்ன பண்ணுவே? அவங்கவங்க பங்கை அவங்கவங்க பாக்கணும். பத்தாயிரம்டி!"

மலர்க்கொடி நிமிர்ந்தாள். "அம்மா, இப்ப நீ நட்ட நாத்து யாரு பங்குல இருக்கு?"

ராசம்மாள் குனிந்து பார்த்தாள். பேச்சுவாக்கில் கமலாம்பாளின் இடத்தில் நாலு வரிசை நட்டிருந்தாள். முந்துகிற கை பிந்துகிற கையின் இடத்தையும் சேர்த்து நட்டுப்போவது அங்கே வழக்கம். கூலி எல்லாருக்கும் ஒன்றே.

கமலாம்பாள் சேற்றுக்கையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "புள்ள கேக்குது, சொல்லு ராசம்மா!"

"நீங்க வேற அக்கா! கூரைக்கு யாரு தருவா, உங்க முழங்காலா?" ராசம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இன்னும் ஒரு கட்டு நாற்றை நட்டு முடித்தாள். பிறகு சொன்னாள்: "ஷூவை நல்லா தொடச்சுக் கொடு. சேறு இருந்தா நம்மளைத்தான் சொல்லுவாங்க."

திங்கட்கிழமை நௌஷாத் ஷூவையும், எண்ணாமலே பணத்தையும் வாங்கிக்கொண்டார். "வெறுங்காலோடயா ஓடப்போறே?"

"இத்தனை நாளும் அப்படித்தானே சார் ஓடுனேன்."

அக்டோபர் 9, மாவட்டப் போட்டி. காலையில் தனி ஓட்டத்தில் மலர்க்கொடி முதலிடம். மாலையில் ரிலே. முதல் இருவராக ஓடிய குந்தவையும் கயல்விழியும் முன்னிலையில் வந்தார்கள். அஃப்ரீன் உயிரைக் கொடுத்து ஓடியும் மூன்றாம் இடத்தில்தான் வந்தாள்.

"மன்னிச்சுக்கடி..."

"குச்சியைக் கொடுடி மொதல்ல!"

கடைசி வளைவில் ஒருத்தியையும், கோட்டருகே இன்னொருத்தியையும் தாண்டினாள் மலர்க்கொடி. வேலியோரம் நின்ற ஒருவர், "இதுல உங்க பொண்ணு யாரும்மா?" என்று கேட்டார்.

"நாலும்," என்றாள் ராசம்மாள்.

அந்த மழைக்கு வீட்டின் மேல் தார்ப்பாய்தான். பேசி வைத்த ஒப்பந்தம் ரத்து என்று கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதன்பின் மாநிலப் போட்டிக்கு ரிலே அணியை அழைத்து இன்னொரு கடிதம் பள்ளிக்கு வந்தது. பெயர்கள் அகர வரிசையில். அஃப்ரீன் முதலில், மலர்க்கொடி கடைசியில். வந்த நாள்: 2024 அக்டோபர் 28, திங்கட்கிழமை.